உபுண்டு 24.04: ஸ்கேனர் 'லிப்எஸ்எஸ்எல்1.1' கேட்கிறது, எங்கே தேடுவது?

மலைச்சாரல் · திங்கள், இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒரு மலர் அச்சிடுவார்கள். 1971 முதல் வந்தவற்றில் 44 மலர்களை அப்பா சேர்த்து வைத்திருக்கிறார். தாள் பழுப்பேறிவிட்டது, மடித்த இடத்தில் தொட்டாலே உடைகிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பெயர் போட்டுத் தேடக்கூடிய மாதிரி எழுத்தாக மாற்றி வைக்க வேண்டும்.

மடிக்கணினியில் போன வாரம்தான் உபுண்டு 24.04 போட்டேன். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் ஒன்றாக உள்ள இயந்திரம், யூஎஸ்பி வயரில் இணைத்திருக்கிறேன். அச்சு வருகிறது. ஸ்கேன் மென்பொருளைத் திறந்தால் ஸ்கேனரே இல்லை என்கிறது. இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் லினக்ஸுக்கென்று ஒரு டெப் கோப்பு (உபுண்டுவில் நிறுவக்கூடிய மென்பொருள் பேக்கேஜ்) கிடைத்தது. அதை டிபிகேஜி என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவினேன். லிப்எஸ்எஸ்எல்1.1 என்ற லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக்கோப்பு) வேண்டும், அது இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பேக்கேஜைத் தனியாக நிறுவப் பார்த்தேன், அதுவும் கிடைக்கவில்லை. இப்போது உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்டில் வேறு எதை நிறுவப் போனாலும் சார்புகள் (ஒரு பேக்கேஜுக்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்கள்) நிறைவேறவில்லை என்று சிவப்பில் திட்டுகிறது.

இந்த லிப்எஸ்எஸ்எல்1.1 எங்கே கிடைக்கும்?

ஈசல் · திங்கள், இரவு 9:05

எனக்கும் இதே மாதிரி வந்தது. உங்கள் கணினியில் லிப்எஸ்எஸ்எல் 3 கண்டிப்பாக இருக்கும். அந்தக் கோப்புக்கு 1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (அதே கோப்பை வேறு பெயரில் சுட்டும் இணைப்பு) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உபுண்டு 20.04-இன் டெப் கோப்பைத் தேடி இறக்கி நிறுவுங்கள்.

தறிக்காரி · திங்கள், இரவு 9:31

மலைச்சாரல், சிம்லிங்க் வேண்டாம். ஈசல் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது வேலை செய்யாது. லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் வரும் எண் அலங்காரத்துக்கு இல்லை. பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு உள்ளே மாறும்போதுதான் அந்த எண்ணை மாற்றுவார்கள். பேருந்தின் பலகையை மாற்றி மாட்டினால் வழித்தடம் மாறிவிடாது. சிம்லிங்க் போட்டால் கோப்பு கிடைத்துவிட்டது என்று நம்பி நிரல் கிளம்பும், அடுத்த நொடியே 'ஓபன்எஸ்எஸ்எல்_1_1_1 என்ற பதிப்பைக் காணவில்லை' என்று விழும். நான் பார்த்துக்கொள்ளும் ஆய்வகத்தில் ஒருவர் இப்படிப் போட்டு வைத்த சிம்லிங்க்கைக் கண்டுபிடித்து எடுக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

20.04-இன் டெப் கோப்பை எடுத்துப் போடுவது இதைவிடப் பரவாயில்லை, நிரல் ஓடவும் ஓடும். ஆனால் லிப்எஸ்எஸ்எல்1.1 எதன் பகுதியோ அந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீங்கள் கையால் போடும் கோப்பை 24.04-இன் புதுப்பிப்புகள் தொடாது. பாதுகாப்பு ஓட்டை வந்தால் அப்படியே திறந்து கிடக்கும். வேறு வழியே இல்லாதபோது செய்யலாம், அங்கிருந்து தொடங்கக் கூடாது.

முதலில் சிவப்புத் திட்டை நிறுத்துவோம். டெர்மினலில்:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

உடனே 'ஒய்' அழுத்த வேண்டாம். எதை நீக்கப் போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் அந்த ஸ்கேனர் பேக்கேஜின் பெயர் மட்டும் இருந்தால் சம்மதியுங்கள். வேறு பெயர் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். எப்போதாவது 'ஆம், நான் சொல்வது போலச் செய்' என்று முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால், அது இயங்குதளத்தின் அடிப்படைப் பேக்கேஜையே கழற்றப் போகிறது என்று பொருள். அங்கே கை வைக்கவே கூடாது.

மலைச்சாரல் · திங்கள், இரவு 9:48

ஸ்கேனர் பேக்கேஜின் பெயர் மட்டும்தான் வந்தது, சம்மதித்தேன். சிவப்பு எழுத்து போய்விட்டது. நன்றி அக்கா.

ஒரு சந்தேகம். 'பேக்கேஜ் இல்லை' என்பதையே ஆப்ட் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதிரி சொல்கிறதே, எல்லாம் ஒன்றுதானா?

தறிக்காரி · திங்கள், இரவு 10:26

ஒன்று இல்லை. பாதிப் பேர் தடுமாறுவதே இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'யுனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்' என்றால், ஆப்ட் தன்னிடம் உள்ள பட்டியலில் அந்தப் பெயரையே பார்த்ததில்லை. எழுத்துப்பிழையாக இருக்கலாம். 'ஆப்ட் அப்டேட்' ஓட்டாமல் பட்டியல் காலியாக இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பேக்கேஜ் இருக்கும் பிரிவு உங்கள் கணினியில் திறக்கப்படாமல் இருக்கலாம். உபுண்டுவில் மெயின், ரெஸ்ட்ரிக்டட், யூனிவர்ஸ், மல்டிவர்ஸ் என நான்கு பிரிவுகள். நாம் தேடும் சின்னச் சின்ன மென்பொருள்கள் பெரும்பாலும் யூனிவர்ஸில்தான் இருக்கின்றன. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று நான்காவது ஒன்றும் உண்டு. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு டெபியன் 12-க்கு மேம்படுத்தியவர்கள் இந்தப் பிரிவைச் சேர்க்க மறந்தால், வைஃபைக்கான ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வராமலே போகும்.

'நோ இன்ஸ்டாலேஷன் கேண்டிடேட்' என்றால், பெயர் தெரியும், அந்தப் பெயரில் நிறுவ ஒன்றும் இல்லை. வேறு ஏதோ ஒரு பேக்கேஜ் இதைக் குறிப்பிட்டிருக்கும், அல்லது இது வெறும் பெயர்ப்பலகையாக, அதாவது விர்ச்சுவல் பேக்கேஜாக இருக்கும்.

'நாட் இன்ஸ்டாலபிள்' என்பது நீங்கள் நிறுவும் பேக்கேஜ் கேட்கும் சார்பு உங்கள் களஞ்சியம் (ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கும் இடம்) எதிலும் இல்லை என்பது. உங்கள் சிக்கல் இதுதான். 22.04-லேயே ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது, 1.1 களஞ்சியத்தில் இல்லை.

'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு' முற்றிலும் வேறு. பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே உள்ள ஏதோ ஒன்றோடு மோதுவதால் ஆப்ட் ஒதுங்குகிறது. இதைப் பார்த்ததும் புதிய களஞ்சியங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் சிக்கலைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஏற்கெனவே உள்ளதில் எது மோதுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எந்தச் செய்தி வந்தாலும் என் முதல் கட்டளை இதுதான்:

ஆப்ட் பாலிசி பேக்கேஜ்பெயர்

எது நிறுவப்பட்டிருக்கிறது, எது நிறுவக் கிடைக்கிறது, எந்தக் களஞ்சியத்திலிருந்து என்று மூன்றையும் காட்டிவிடும்.

இன்னொன்று. உபுண்டு 24.04-ஐப் புதிதாக நிறுவியவர்கள் பழைய கட்டுரைகளைப் பார்த்து /ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்துவிட்டு, 'ஐயோ, காலியாக இருக்கிறதே' என்று பயப்படுகிறார்கள். காலியாகத்தான் இருக்கும். விவரங்கள் எல்லாம் பக்கத்திலேயே சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற அடைவுக்குள் உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்புக்குப் போய்விட்டன. பழைய வரிகளைக் கொண்டுவந்து அந்தக் காலிக் கோப்பில் ஒட்ட வேண்டாம்.

நெய்தல்77 · திங்கள், இரவு 10:40

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 24.04-இல் எனக்கும் இப்படி ஒன்று. லிப்அசவுண்ட்2 நிறுவச் சொன்னால் கேண்டிடேட் இல்லை என்கிறது. ஒலிக்கான அடிப்படை லைப்ரரியே இல்லாமல் போகுமா?

தறிக்காரி · திங்கள், இரவு 10:58

இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. லிப்அசவுண்ட்2டி64 என்று தேடுங்கள்.

காரணம் 2038. நேரத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண் நிரம்பி வழிந்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். மாற்றம் தொட்ட லைப்ரரிகளின் பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் 'டி64' சேர்ந்தது. நம்முடைய 64 பிட் கணினிகளில் நேரம் முன்பே 64 பிட்தான். அதனால் உள்ளே ஒன்றும் மாறவில்லை, பெயர் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயர் இப்போது விர்ச்சுவல் பேக்கேஜ். அதைத் தருவதாகச் சொல்லும் பேக்கேஜ்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், 'எது வேண்டும் என்று நீயே சொல்' என்று ஆப்ட் கேட்கிறது. டி64 உள்ளதைப் பெயர் சொல்லி நிறுவுங்கள்.

நெய்தல்77 · திங்கள், இரவு 11:02

நிறுவிவிட்டேன், வேலை செய்கிறது. மூன்று நாளாக இதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

மலைச்சாரல் · செவ்வாய், காலை 6:40

அப்படியானால் என் ஸ்கேனருக்கு 1.1 இல்லாமல் வழியே இல்லையா?

கற்பாறை · செவ்வாய், காலை 7:15

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியது ஸ்கேன். லிப்எஸ்எஸ்எல்1.1 என்பது அந்த நிறுவனத்தின் பழைய டெப் கோப்புக்கு வேண்டியது. ஸ்கேனருக்கு அது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

அண்மை ஆண்டுகளில் வந்த இயந்திரங்கள் பலவற்றுக்கு நிறுவனத்தின் டிரைவரே தேவையில்லை. இஎஸ்சிஎல் என்ற பொதுவான நெறிமுறையில் அவையே பேசும். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனிக்கும் சேன் அமைப்புக்கு சேன்-ஏர்ஸ்கேன் என்ற பேக்கேஜ் இந்த மொழியைக் கற்றுத் தருகிறது. யூஎஸ்பி வயரில் இணைத்திருந்தால் ஐபிபி-யூஎஸ்பி என்ற பேக்கேஜும் வேண்டும். வயரில் உள்ள இயந்திரத்தை நெட்வொர்க்கில் இருப்பது போலக் காட்டுவது அதன் வேலை. டெபியனில் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதலே இந்த ஏற்பாடு இருக்கிறது.

உங்கள் இயந்திரம் இதற்கு ஒத்துவருமா என்று வயரை மாட்டிவிட்டுப் பாருங்கள்:

சூடோ எல்எஸ்யூஎஸ்பி -வி

நீளமாக ஓடும். அதில் உங்கள் இயந்திரத்தின் பகுதியில் இன்டர்ஃபேஸ் கிளாஸ் 7, சப்கிளாஸ் 1, புரோட்டோகால் 4 என்ற மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வருகிறதா? புரோட்டோகால் 1, 2 என்று மட்டும் இருந்தால் அது பழைய அச்சு வழி. 4 இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.

அதோடு இந்த இரண்டும் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்:

ஆப்ட் பாலிசி ஐபிபி-யூஎஸ்பி சேன்-ஏர்ஸ்கேன்

மலைச்சாரல் · செவ்வாய், காலை 8:02

7, 1, 4 மூன்றும் வருகிறது! இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆனால் பேக்கேஜ் இரண்டுக்கும் 'இன்ஸ்டால்டு: நன்' என்று காட்டுகிறது. 24.04-இல் தானாக வந்திருக்க வேண்டாமா?

தறிக்காரி · செவ்வாய், காலை 8:20

வந்திருக்க வேண்டும். ஒரு சந்தேகம். இடத்தை மிச்சப்படுத்த எங்காவது படித்துவிட்டு ஆப்டின் அமைப்பை மாற்றினீர்களா? இதை ஓட்டிப் பாருங்கள்:

ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் | க்ரெப் ரெக்கமெண்ட்ஸ்

மலைச்சாரல் · செவ்வாய், காலை 8:31

ஆமாம் அக்கா. இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் 'ஃபால்ஸ்' என்று வருகிறது. மடிக்கணினியில் 64 ஜிபிதான் இடம். குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தெடுத்து, ஒரு காணொளியில் சொன்னபடி இதையும் போட்டேன். அப்புறம்தான் அச்சு, ஸ்கேன் எல்லாம் நிறுவினேன்.

தறிக்காரி · செவ்வாய், காலை 9:10

அங்கேதான் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பேக்கேஜ் தன்னோடு வேண்டியவற்றை மூன்று அடுக்காகச் சொல்லும். டிபென்ட்ஸ் என்றால் அது இல்லாமல் நிறுவவே முடியாது. ரெக்கமெண்ட்ஸ் என்றால், சாதாரணமாகப் பயன்படுத்தும் யாருக்கும் இது வேண்டியிருக்கும், விதிவிலக்காக வேண்டாம் என்பவர் மட்டும் விடலாம். சஜஸ்ட்ஸ் என்றால் இருந்தால் நல்லது. நடு அடுக்கை மொத்தமாக மூடிவிட்டால் பிழைச்செய்தியே வராது. எல்லாம் சரியாக நிறுவப்பட்டதாகத்தான் தெரியும், ஒரு வசதி மட்டும் சத்தமில்லாமல் இருக்காது. அச்சுக்கான கப்ஸ் பேக்கேஜ் ஐபிபி-யூஎஸ்பியை இந்த நடு அடுக்கில்தான் கேட்கிறது.

சர்வர்களில் இந்த அமைப்பை நானும் வைத்திருக்கிறேன், அங்கே அது நியாயம். அன்றாடம் வேலை செய்யும் மேசைக் கணினியில் இதைப் போடச் சொல்லும் காணொளிகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. மிச்சமாவது சில நூறு எம்பி. போவது உங்களைப் போன்றவர்களின் வாரக் கணக்கான நேரம்.

இப்போது:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபிபி-யூஎஸ்பி சேன்-ஏர்ஸ்கேன் சேன்-யூட்டில்ஸ்

நிறுவியதும் யூஎஸ்பி வயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பத்து வினாடி பொறுத்து:

ஸ்கேன்இமேஜ் -எல்

இதில் 'எல்' பெரிய எழுத்து.

மலைச்சாரல் · செவ்வாய், காலை 9:34

வந்துவிட்டது!!! 'ஏர்ஸ்கேன்' என்று தொடங்கி இயந்திரத்தின் பெயரோடு ஒரு வரி. டாக்குமென்ட் ஸ்கேனரிலும் தெரிகிறது. அந்த டெப் கோப்பை அழித்துவிட்டேன்.

ஈசல் · செவ்வாய், காலை 10:05

சிம்லிங்க் யோசனையைச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும். ஒன்று கேட்கலாமா? இங்கே டெப் கோப்பு பெயரைச் சொல்லிவிட்டது. நான் இறக்கும் சில நிரல்கள் ஓடும்போதுதான் 'ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு கோப்பின் பெயரை மட்டும் சொல்லி நிற்கின்றன. அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூகிளில் தேடினால் யாரோ பத்து வருடத்துக்கு முன்னால் சொன்ன பதில்தான் வருகிறது.

தறிக்காரி · செவ்வாய், மதியம் 1:20

மன்னிப்பெல்லாம் வேண்டாம் ஈசல். கேட்டது நல்ல கேள்வி.

செய்தியில் உள்ளது கோப்பின் பெயர், நீங்கள் நிறுவ வேண்டியது பேக்கேஜின் பெயர். இரண்டுக்கும் நடுவில் பாலம் வேண்டும். அந்தப் பாலம் ஆப்ட்-ஃபைல்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-ஃபைல்
சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்
ஆப்ட்-ஃபைல் சர்ச் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3

இடது பக்கம் பேக்கேஜ், வலது பக்கம் கோப்பின் முழுப் பாதை வரும். மேலே உள்ளதை 24.04-இல் ஓட்டினால் லிப்எஸ்எஸ்எல்3டி64 என்று வரும். நேற்று சொன்ன டி64 இங்கேயும் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். இன்னும் நிறுவாத பேக்கேஜ்களின் உள்ளேயும் ஆப்ட்-ஃபைல் தேடும். டிபிகேஜி -எஸ் (பெரிய எழுத்து) ஏற்கெனவே நிறுவியவற்றில் மட்டும்தான் தேடும். இதைக் குழப்பிக்கொண்டு 'தேடினேன், எங்கேயும் இல்லை' என்று வருபவர்கள் நிறைய.

ஆப்ட்-ஃபைலையே நிறுவ முடியாத நிலை என்றால், உபுண்டுவின் பேக்கேஜஸ் தளத்திலும் டெபியனின் பேக்கேஜஸ் தளத்திலும் கோப்பின் பெயரைக் கொண்டு தேடும் பெட்டி இருக்கிறது. உங்கள் பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பழகிவிட்டால் பெயரை ஊகிக்கவும் முடியும். லைப்ரரியின் பெயரும் அதன் எண்ணும் சேர்ந்ததுதான் பேக்கேஜின் பெயர். லிப்சேன்.எஸ்ஓ.1 என்றால் லிப்சேன்1. லைப்ரரியின் பெயரே எண்ணில் முடிந்தால் நடுவில் ஒரு சிறு கோடு வரும். லிப்பிஎன்ஜி16.எஸ்ஓ.16 என்றால் லிப்பிஎன்ஜி16-16, 24.04-இல் அதன் பின்னாலும் டி64 ஒட்டும்.

ஒரு நிரலுக்கு மொத்தமாக எவையெல்லாம் கிடைக்கவில்லை என்று பார்க்க எல்டிடி கட்டளை இருக்கிறது. 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரிகளை மட்டும் கவனித்தால் போதும். ஆனால் எங்கிருந்தோ இறக்கிய, நம்ப முடியாத நிரலின் மேல் எல்டிடி ஓட்ட வேண்டாம். சில சமயம் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். அப்படிப்பட்டவற்றுக்கு ரீட்எல்ஃப் -டி போதும். கோப்பைப் படிக்க மட்டும்தான் செய்யும்.

கற்பாறை · செவ்வாய், மதியம் 2:05

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிரல் கண் முன்னால் இருக்கும், இயக்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சொல்லும். எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது இது! 64 பிட் கணினியில் 32 பிட் நிரலை ஓட்டும்போது பெரும்பாலும் இப்படி வரும். இல்லாமல் போனது நிரலை ஏற்றிவிடும் 32 பிட் லோடர். டிபிகேஜியில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் ஓட்டி, லிப்சி6:ஐ386 நிறுவினால் நிரல் தொடங்கும். அப்புறம் அதற்கு வேண்டிய மற்றவற்றையும் அதே ':ஐ386' ஒட்டோடு நிறுவ வேண்டும்.

ஃபெடோரா என்ற வேறு லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஆப்ட்-ஃபைல் வேலையை டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் செய்கிறது. ஆர்ச்சில் பேக்மேன் -எஃப், இதுவும் பெரிய எழுத்து, முதலில் ஒருமுறை -எஃப்ஒய் கொடுத்துப் பட்டியலை இறக்கிக்கொள்ள வேண்டும்.

புதுமாணவன் · செவ்வாய், மாலை 6:12

அக்கா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சி நிரல் ஒன்றைக் கம்பைல் செய்தால் ஓபன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.ஹெச் என்ற ஹெடர் கோப்பு இல்லை என்கிறது. லிப்எஸ்எஸ்எல் நிறுவப்பட்டிருப்பதாகத்தான் ஆப்ட் சொல்கிறது. பைத்தானில் சிவி2 என்ற தொகுப்பும் இல்லை என்கிறது. பைத்தானுக்கே உரிய நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவினால் 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று மறுக்கிறது.

தறிக்காரி · செவ்வாய், இரவு 8:45

தம்பி, நிரலை ஓட்ட ஒரு பேக்கேஜ், நிரலை உருவாக்க இன்னொன்று. ஹெடர் கோப்புகள் '-டெவ்' என்று முடியும் பேக்கேஜில் இருக்கும். உனக்கு வேண்டியது லிப்எஸ்எஸ்எல்-டெவ். ஹெடரின் பெயரை ஆப்ட்-ஃபைலிடம் கொடுத்தாலும் இதைச் சொல்லிவிடும்.

பைத்தானில் இம்போர்ட் செய்யும் பெயர் ஒன்று, பிப்பில் இன்னொன்று, ஆப்டில் வேறொன்று. சிவி2 ஆப்டில் பைத்தான்3-ஓபன்சிவி. பிஐஎல் என்பது பிப்பில் பில்லோ, ஆப்டில் பைத்தான்3-பில். அந்த மறுப்பு டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் வருகிறது, உன் நன்மைக்காகத்தான். கணினியின் சில கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. பிப் அவற்றின் கீழே எதையாவது மாற்றினால் அவை உடையும். ஆப்டில் கிடைத்தால் ஆப்ட். கிடைக்காவிட்டால் பைத்தான்3-விஈஎன்வி நிறுவி, தனிச்சூழல் உருவாக்கி, அதற்குள் பிப். '--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று சேர்க்கச் சொல்லும் பதில்கள் நிறைய வரும். என்ன செய்யப் போகிறது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது, படித்துப் பார்.

புதுமாணவன் · செவ்வாய், இரவு 9:20

இரண்டும் சரியாகிவிட்டது அக்கா. நண்பன் ஒருவன் கணினியில் உபுண்டு 23.10. அவனுக்கு ஆப்ட் அப்டேட்டே 404 என்கிறது.

கற்பாறை · செவ்வாய், இரவு 9:33

அந்தப் பதிப்புக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள், 2024 ஜூலையோடு முடிந்தது. களஞ்சியத்தை 'ஓல்ட்-ரிலீசஸ்' என்ற முகவரிக்கு நகர்த்திவிட்டார்கள். முகவரியை மாற்றினால் பழைய பேக்கேஜ்கள் கிடைக்கும், ஆனால் தங்குவதற்கான இடம் இல்லை அது. கோப்புகளை நகல் எடுத்துவிட்டு 24.04 போடச் சொல்லுங்கள்.

மலைச்சாரல் · புதன், இரவு 7:55

முதல் மலரை முழுக்க ஸ்கேன் செய்துவிட்டேன், 300 டிபிஐ. அடுத்த கட்டத்தில் நிற்கிறேன். எழுத்தறிய டெஸரேக்ட் நிறுவினேன். ஆங்கிலம் வருகிறது. தமிழ் என்று சொன்னால் டேம்.ட்ரெயின்டுடேட்டா என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. நேற்றுப் படித்ததை வைத்து நானே ஆப்ட்-ஃபைலில் தேடினேன். டெஸரேக்ட்-ஓசிஆர்-டேம் என்று வந்தது. நிறுவவா?

தறிக்காரி · புதன், இரவு 8:10

தாராளமாக. சரியாகக் கண்டுபிடித்தீர்கள்!

தமிழுக்கான பேக்கேஜ்களைத் தேடும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். நம் மொழி மூன்று பெயரில் ஒளிந்திருக்கிறது. இரண்டெழுத்து மொழிக் குறியீடு 'டிஏ'. லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகம் லிப்ரேஆபிஸ்-எல்10என்-டிஏ, உபுண்டுவின் லாங்குவேஜ்-பேக்-டிஏ எல்லாம் இதில் வரும். மூன்றெழுத்துக் குறியீடு 'டிஏஎம்', அதாவது நீங்கள் பார்த்த 'டேம்', டெஸரேக்ட் இதைத்தான் எடுத்துக்கொண்டது. எழுத்துமுறைக்கான நான்கெழுத்துக் குறியீடு 'டிஏஎம்எல்', எழுத்துருக்கள் இதில்: ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல். ஒன்றில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் தமிழுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என். அதன் பெயரில் தமிழே இல்லை, அதனால் 'தமிழ்' என்று எப்படித் தேடினாலும் பெயரில் சிக்காது.

நிறுவியதும் 'டெஸரேக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' கொடுத்தால் பட்டியலில் டேம் இருக்க வேண்டும். மலர்களில் ஆங்கில விளம்பரமும் இருக்குமே, அதனால் மொழியை 'டேம்+இஎன்ஜி' என்று சேர்த்துக் கொடுங்கள். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற பேக்கேஜையும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தின் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்றை அதன் மேல் பரப்பிவிடும். மலரின் அழகும் இருக்கும், பெயர் போட்டுத் தேடவும் முடியும்.

மலைச்சாரல் · வியாழன், இரவு 10:15

1971 மலர் முடிந்தது. 36 பக்கம். 'பெட்ரோமாக்ஸ்' என்று தேடினேன், வரவு செலவுக் கணக்குப் பக்கத்தில் நேராகப் போய் நின்றது. விளக்கு வாடகை 12 ரூபாய். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அந்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போன ஆட்களின் பெயரை எல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார், நான் எழுதிக்கொண்டேன்.

ஈயக் கட்டையில் மை பரவிய இடங்களில் 'ணை', 'றா' எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கின்றன. அவற்றில் மட்டும் பிழை நிறைய, கையால் திருத்துகிறேன்.

தறிக்காரி · வியாழன், இரவு 10:40

1978-இல்தான் தமிழ்நாடு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதனால் முதல் சில மலர்களில் இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும், பின்னால் வந்தவற்றில் குறையும்.

இரண்டு வேலை பாக்கி. அந்த ரெக்கமெண்ட்ஸ் வரியை ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் தேடி எடுத்துவிடுங்கள். அப்புறம் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கொடுத்து, வரும் பட்டியலை மலர்களோடு பென் டிரைவில் சேமித்து வையுங்கள். மடிக்கணினி மாறினாலும் எவையெல்லாம் நீங்களாகக் கேட்டு நிறுவியவை என்று அதில் இருக்கும்.

மலைச்சாரல் · வியாழன், இரவு 10:58

இரண்டும் செய்துவிட்டேன் அக்கா. 1972 மலரில் கம்பிப் பின் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது, மெதுவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.